ரோஸ்மேரி மேடமும் இரட்டைத் தேய்மானமும்

பேராசிரியை ரோஸ்மேரி ஓய்வு பெற இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது. அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அந்த வேலையைக் கல்லூரி அலுவலகமே எடுத்துக்கொண்டிருந்தது. லேப் சாமான்களின் பட்டியல், நூலகத்தில் வாங்க வேண்டிய கையெழுத்து, அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டிய தேதி என்று தினம் ஒரு காகிதம் அவர் மேசைக்கு வந்தது. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் வேலையில் சேர்த்துக்கொண்டபோது ஒரே ஒரு காகிதம்தான் கொடுத்தார்கள். வெளியே அனுப்புவதற்குத்தான் இத்தனை வேண்டியிருக்கிறது.

வீடு ராயபுரத்தில். கல்லூரி எண்ணூரைத் தாண்டி வடக்கே. காலை ஏழேகாலுக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறினால், கன்டெய்னர் லாரிகள் மனசு வைத்து விட்ட வழியில் ஊர்ந்து ஊர்ந்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும். சாயங்காலமும் அதே லாரிகள், அதே புழுதி, மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அதே ஆலை நெடி. தன் ஆயுளில் எத்தனை மணி நேரம் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தே போயிற்று என்று ஒரு தடவை மனக்கணக்குப் போட ஆரம்பித்தார். விடை வயிற்றெரிச்சலாக இருக்கும் என்று தெரிந்ததும் பாதியிலேயே விட்டுவிட்டார்.

மெக்கானிக்கல் துறையில் இந்த வருடம் முதலாண்டுக்குச் சேர்ந்தது பதினொரு பேர். ஒரு காலத்தில் இரண்டு செக்‌ஷன், நூற்றிருபது பிள்ளைகள், உட்கார பெஞ்சு போதாமல் டிராயிங் ஹாலிலிருந்து ஸ்டூல் இழுத்து வருவார்கள். இப்போது ஆள் பிடிக்கும் வேலையும் பேராசிரியர்கள் தலையில்தான். போன மாதம் மணலி புதுநகரில் ஒரு பள்ளிக்கூட வாசலில், ஐம்பத்தெட்டு வயதில், கையில் நோட்டீஸ் கட்டோடு ரோஸ்மேரி நின்றார். ஒரு அம்மா நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தா சொல்லுங்க மேடம், மெஷின் எல்லாம் வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார். ரோஸ்மேரிக்குக் கோபம்கூட வரவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கென்று சொந்தமாக ஒன்று இருந்தது. அவருடைய கண்டுபிடிப்பு.

மீன்பிடி விசைப்படகில் எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்கு ஷாஃப்ட் என்ற நீண்ட இரும்புத் தண்டு போகும். படகின் பின்புறத்தில் அது ஒரு தடித்த பித்தளைக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வரும். அந்தக் குழாய்க்குப் புஷ் என்று பெயர். ஷாஃப்டின் கனம் கீழ்நோக்கி அழுத்துவதால் புஷ்ஷின் அடிப்பக்கம்தான் தேய வேண்டும். எல்லாப் பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. காசிமேட்டுப் படகுகளில் கழட்டிய புஷ்களோ அடியிலும் தேய்ந்திருந்தன, அதற்கு நேர் எதிரே மேல்பக்கத்திலும் அதே அளவு தேய்ந்திருந்தன. பக்கவாட்டில் இரண்டு புறமும் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது.

இதற்கு ரோஸ்மேரி ஒரு காரணம் சொன்னார். வலை கனத்துப் படகைப் பின்னுக்கு இழுக்கும்போது ஷாஃப்ட் கணநேரம் எழும்பி மேல்பக்கத்தையும் உரசுகிறது என்றார். நூற்றெண்பது புஷ்களை அளந்து காட்டினார். 'இரட்டைத் தேய்மானம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அதற்காக டாக்டர் பட்டம் கிடைத்தது. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை வந்தது. இதுவரை பதினான்கு பேர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் அவருக்கு வேண்டப்பட்டவர்கள் என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். துறையில் வேறு யாருக்கும் அந்த எட்டும் இல்லை.

காசிமேடு அவருக்கு எப்படிப் பழக்கம் என்றால், அப்பா மூலமாகத்தான். அப்பா தேவப்பிரியம் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே கயிறு, போல்ட், பெயிண்ட் விற்கும் கடை வைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் ரோஸ்மேரி நேராகக் கடைக்குத்தான் வருவார். எந்த போல்ட்டுக்கு எந்த நட்டு என்பது வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே தெரியும். மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றபோது அப்பா தடுக்கவில்லை. அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

"ஏளா, யார் கூப்பிட்டாலும் போட்டுல மட்டும் கால வச்சிராத. பொம்பளப் பிள்ள ஏறினா ஆகாதும்பாங்க. நமக்குச் சோறு போடுதவங்க அவங்க. அவங்க மனசு கோணப்பிடாது."

ரோஸ்மேரி கடைசிவரை ஏறவில்லை. ஆராய்ச்சிக்குப் போனபோதும் நீலமேகத்தின் பட்டறை நிழலில் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நீலமேகம் படகு மெக்கானிக். கழட்டிய புஷ்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கோணிப்பையில் கட்டி, கூடவே ஒரு டீயும் வாங்கி வந்து கொடுப்பார். மேடம் டீயைக் குடித்துவிட்டு மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது.

நடுவில் ஒரு சறுக்கல் உண்டு. பதின்மூன்று வருடத்துக்கு முன் அவரே ஒரு புதுப் புஷ்ஷை வடிவமைத்தார். மேலும் கீழும் கனமாக, இரண்டு பக்கத் தேய்மானத்தையும் தாங்குவதுபோல. இடம் பெயராமல் இருக்கச் சாவி என்கிற இரும்புக் கட்டை ஒன்றைப் போட்டுப் பூட்டியும் இருந்தார். முப்பது படகுகளில் மாட்டினார்கள். அடுத்த வருடம் முப்பதிலும் பழைய புஷ் திரும்பிவிட்டது. காரணத்தை யாரும் சரியாகச் சொல்லவில்லை. 'பயனாளர்களிடம் புதுமையை ஏற்கும் மனநிலை இல்லை' என்று அறிக்கையில் எழுதி முடித்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை எழுதியபோது அவருக்கு மீனவர்கள் மேல் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

இப்போது அவரிடம் பிஎச்.டி. செய்கிறவள் பெனிஷா. அதே துறையில் உதவிப் பேராசிரியை, முப்பத்தாறு வயது, திருவொற்றியூரில் வீடு, இரண்டு பிள்ளைகள். கணவன் அபின் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வேலை. வகுப்பு, அட்மிஷன் அலைச்சல், பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் எட்டு வருடம் இழுத்து, இரட்டைத் தேய்மானத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டும் ஆய்வேட்டை முடித்திருந்தாள். வெளித் தேர்வாளர்கள் படித்து ஒப்புதலும் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும். அது மே முதல் வாரத்தில். ஜூனுக்குள் டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் வேலையில் நீடிக்க முடியாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருந்ததால், அந்த வைவாவில்தான் அவள் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

வைவா அன்று மேசையில் சில புஷ்களைப் பார்வைக்கு வைக்கலாம் என்று பெனிஷா லேப் அலமாரியைக் கிளறினாள். அடித்தட்டில் ஒரு கோணிப்பை கிடந்தது. அதில் முப்பத்தொரு புஷ். ஒரு பக்கம் மட்டுமே தேய்ந்தவை. 'முழுதாக ஓடாதவை' என்று ரோஸ்மேரி அந்தக் காலத்திலேயே கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கியவை.

"மேம், இதைக் கொஞ்சம் பாருங்க." அவள் ஒரு புஷ்ஷை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். "நீங்க அளந்த புஷ் எல்லாத்துலயும் விளிம்புல ரெண்டு புள்ளி குத்தியிருக்கு, எதிரெதிரா. இந்த முப்பத்தொண்ணுல ஒரே ஒரு புள்ளிதான். ஒண்ணுல கூட ரெண்டு இல்ல. இது என்ன புள்ளி மேம்?"

ரோஸ்மேரி அதைப் பொருத்தும்போது பார்க்கும் நேர்க்கோடு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அளவெடுப்பதற்கே அந்த இரண்டு புள்ளிகளைத்தான் அச்சாக வைத்துக்கொண்டார். ஒரு புள்ளி இருந்தவற்றில் மற்றது அரித்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டார். ஆனால் முப்பத்தொன்றிலும் அரித்துப் போகுமா? அந்தப் புஷ்ஷை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீலமேகத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

தடைக்காலம் தொடங்கிவிட்டது. மீன்பிடிக்கப் போகாத விசைப்படகுகள் காசிமேட்டில் கரையேறி வரிசையாக நின்றன. எங்கும் உளிச் சத்தம், பெயிண்ட் வாடை, அதற்கு மேலே வெயில். ஒரு படகின் மேல்தளத்தில் மூன்று பெண்கள் உட்கார்ந்து பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சியை ரோஸ்மேரி ஏற்கெனவே பலமுறை பார்த்திருக்கிறார். அவர்கள் வீட்டுப் பெண்கள், அது வேறு என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தார்.

நீலமேகத்துக்கு அறுபத்தாறு ஆகிவிட்டது. ஒரு படகின் அடியிலிருந்து குனிந்து வெளியே வந்தார்.

"இன்னா மேடம், திடீர்னு? போன் பண்ணிருந்தா நானே மூட்ட கட்டி அனுப்சிருப்பேன்ல. இந்த வெயில்ல இன்னாத்துக்கு பேஜாரு?"

ரோஸ்மேரி பையிலிருந்து புஷ்ஷை எடுத்து நீட்டினார். "இந்தப் புள்ளி என்ன நீலமேகம்?"

"அதுவா? புஷ்ஷ உள்ள அடிக்க சொல்ல, மேல்பக்கம் எதுவோ அங்க பஞ்ச்ல ஒரு தட்டு தட்டுவேன். அடையாளத்துக்கு."

"சிலதுல ரெண்டு இருக்கே."

"ஆமா. தீவாளியாண்ட அடிப்பக்கம் தேஞ்சி பூடும். தடைக்காலத்துல எப்டியும் புதுசு போடப் போறோம், நடுவுல இன்னாத்துக்கு இன்னொண்ணு? அத்தயே கழட்டி, பாதி சுத்து திருப்பி அடிச்சிடுவோம். தேஞ்சது மேல பூடும், நல்லது கீழ வந்துடும். அப்பால இன்னொரு தட்டு. ரெண்டு புள்ளி கீதுன்னா ஏற்கெனவே திருப்பியாச்சு, இனிமே தாங்காதுன்னு அர்த்தம்."

அவர் அதைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். ரோஸ்மேரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஷாஃப்ட் எழும்பவில்லை. மேல்பக்கத்தை ஒருநாளும் உரசவில்லை. ஐந்து மாதம் ஒரு பக்கமும் ஐந்து மாதம் மறுபக்கமுமாக, எல்லாப் பாடப்புத்தகத்திலும் உள்ளபடி அடிப்பக்கம் மட்டுமே தேய்ந்திருக்கிறது. இரட்டைத் தேய்மானம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

"எவ்வளவு வருஷமா இப்படித் திருப்புறீங்க?"

"எங்க நைனா காலத்துலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்கோ கேக்கலையே மேடம்." நீலமேகம் நிஜமாகவே திகைத்துப் போனார். "அவ்ளோ படிச்சவங்கோ. வர்ஷா வர்ஷம் மூட்ட மூட்டயா வாங்கிகினு போறீங்கோ. இது தெரியாமயா வாங்குவீங்கோ?"

சாவி போட்ட புஷ் ஏன் நிலைக்கவில்லை என்பது அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"அத்த திருப்ப முடியலையே. பூட்டிகீது. தீவாளியாண்டயே பூட்ச்சி. மேடம் பாவம், ஆசயா செஞ்சி குடுத்தாங்கன்னு ஓனருங்க யாரும் வாய தொறக்கல."

"ஒருநாள் போட்டுல ஏறிப் பாத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார் ரோஸ்மேரி. "பொம்பளைங்க ஏறக் கூடாதுன்னு…"

"யாரு சொன்னா?"

ரோஸ்மேரி துறைமுகத்துக்கு எதிரே, அப்பாவின் கடை இருந்த பக்கம் பார்த்தார்.

"கடலுக்குப் போற போட்டுக்கு ஆயிரம் இருக்கும். கரயில கீற போட்டுக்கு இன்னா கீது? அதோ, எங்க வூட்டு பொம்பளைங்கதான் சொரண்டுது." அவர் கொஞ்சம் தயங்கினார். "நாங்க இன்னா நெனச்சிகினோம்னா, மேடம் பெரிய எடம், சேல கலீஜாவும்னு ஏற மாட்டேன்றாங்கன்னு நெனச்சிகினோம். தப்பா எடுத்துக்காதீங்கோ."

மரியாதை என்று நினைத்து இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் அதைத் திமிர் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ரோஸ்மேரிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பெனிஷாவின் அழைப்பு ராயபுரம் பாலம் ஏறும்போதே வந்துவிட்டது.

"கேட்டீங்களா மேம்? என்ன புள்ளி?"

ஒரு மாதச் சம்பளம் போனாலே தவிக்கிற வீடு அவளுடையது. வைவாவுக்கு இன்னும் பதினொரு நாள். ரோஸ்மேரி இரண்டு பக்கமும் யோசித்தெல்லாம் பார்க்கவில்லை. அந்த அசதியில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஓனர் அடையாளமாம். ஒண்ணுமில்ல, விடு."

"சரி மேம்" என்றாள் பெனிஷா.

அன்று இரவு சாப்பாட்டில் கை போகவில்லை. கணவர் ஞானம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு மோரை ஊற்றிப் பிசைந்தார்.

"அந்தப் புள்ளைக்கு வேலை நிக்கணுமா, போகணுமா? அதை மட்டும் யோசி. உன் புஷ்ஷு எந்தப் பக்கம் தேஞ்சா யாருக்கு என்ன?"

"எனக்குங்க" என்றார் ரோஸ்மேரி.

ஞானம் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். பேசியிருந்தால் தேவலை. பதினொரு நாளும் ரோஸ்மேரி காலையில் பேருந்தில் ஏறினார், பதினொரு பேருக்குப் பாடம் நடத்தினார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பெனிஷா எதிரே வந்தால் வராண்டாவின் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். தூக்கம் மட்டும் வரவில்லை. தன் வாழ்நாளில் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று எதை வைத்திருந்தாரோ, அது ஒரு மெக்கானிக்கின் பஞ்ச் தட்டலுக்குப் போட்ட தவறான பொழிப்புரை. அதை அப்படியே விட்டுவிட்டுப் பென்ஷன் வாங்கவும் மனசு வரவில்லை. எடுத்துச் சொல்லி இன்னொருத்தியின் எட்டு வருடத்தை உடைக்கவும் தைரியம் வரவில்லை.

வைவா அன்று செமினார் ஹாலில் ஏசி ஓடியது. அது விருந்தாளி வந்தால்தான் ஓடும். பின்வரிசையில் சமோசா, கேக், ஸ்வீட் டப்பாக்கள் அடுக்கியாகிவிட்டது. வெளித் தேர்வாளர் பேராசிரியர் மனோகரன் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வெள்ளை முடி, நல்ல மனிதர், கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தார். பெனிஷா ஐம்பது நிமிடம் பிசிறில்லாமல் பேசினாள். திரையில் ஷாஃப்ட் நீல நிறத்தில் எழும்பி மேலே உரசியது, தாழ்ந்து கீழே உரசியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மனோகரன் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் வந்தது. கல்லூரி முதல்வர் கைதட்டத் தயாரானார்.

"வழிகாட்டி ரெண்டு வார்த்தை சொல்லட்டுமே" என்றார் மனோகரன்.

ரோஸ்மேரி எழுந்தார். 'எட்டு வருட உழைப்பு, கடவுள் கிருபை, குடும்பத்தின் ஒத்துழைப்பு' என்று ஒரு பேச்சைத் தயார் செய்துதான் வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"சார், இந்த ஆய்வேட்டின் அடிப்படை தப்பு. பெனிஷா தப்புப் பண்ணலை. நான் கொடுத்த அளவு தப்பு. புஷ்ஷை நடு வருஷத்துல திருப்பிப் போடுறாங்க. அது எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் போட்டுல ஏறிப் பாக்கலை."

நடந்ததை முழுக்கச் சொன்னார். இரண்டு புள்ளி, ஒரு புள்ளி, ஒதுக்கிய முப்பத்தொன்று, எல்லாம். சொல்லி முடித்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

மனோகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நேர்மை மேடம். இந்தக் காலத்துல யாரு சொல்லுவா. ஒண்ணு செய்யலாம். 'எதிர்கால ஆய்வுகள்' பகுதியில இதை ஒரு வரியா சேத்துடலாம்."

"ஒரு வரி இல்ல சார். நாலாவது அத்தியாயத்துலேர்ந்து ஆறு வரைக்கும் தப்பு."

"தப்புன்னு ஏன் சொல்றீங்க? வேற கோணம்னு சொல்லுங்க." அவர் குரலில் கேலி இல்லை, பரிவுதான் இருந்தது. "கணக்கு போட்ட முறை சரியா இருக்கு, அதுக்குத்தானே பட்டம். மூணரைக்கு எனக்கு வண்டி மேடம்."

முதல்வர் சிரித்தார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். காபி வந்துவிட்டது.

பதினொரு நாள் தூக்கத்தைத் தின்ற விஷயம் இரண்டு நிமிடத்தில் சமோசாவோடு கரைந்துவிட்டது. தண்டிப்பார்கள் என்று பயந்திருந்தார். பொருட்படுத்தக்கூட மாட்டார்கள் என்று நினைக்கவில்லை. மேசையில் வைவா அறிக்கை இருந்தது. மனோகரன் கையெழுத்துப் போட்டிருந்தார். வழிகாட்டி என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. ரோஸ்மேரி அந்தப் படிவத்தைத் தொடாமல் வராண்டாவுக்கு வந்துவிட்டார்.

பெனிஷா பின்னாலேயே வந்தாள். பட்டுச் சேலை, தலையில் பூ. முகம் மட்டும் பேயறைந்தாற்போல் இருந்தது.

"எப்பத் தெரியும் மேம்?"

"நீ கேட்டியே, அன்னிக்கே."

"ஓனர் அடையாளம்னு சொன்னீங்க."

"உனக்காகத்தான் பெனிஷா. வேலை போயிடும்னு…"

"என்னைக் கேட்டீங்களா?" அவள் குரல் உயரவில்லை. கீழே யாரோ சேர் இழுக்கும் சத்தத்தில் பாதி அடிபட்டுப் போயிற்று. "அந்தப் புள்ளியைப் பாத்தது நான். கோணிப்பையில கையை விட்டது நான். சொல்லியிருந்தா பதினொரு நாள்ல முப்பத்தொரு புஷ்ஷையும் அளந்திருப்பேன். இன்னிக்கு அங்க நின்னு நானே சொல்லியிருப்பேன். நீங்க மறைச்சீங்க. அப்புறம் நீங்களே எழுந்து சொன்னீங்க. என் வைவாவுல நான் ஒண்ணும் தெரியாதவளா நின்னேன்."

தன் தப்பை ஒத்துக்கொண்ட பேச்சில் 'நான்' என்ற சொல்தான் எத்தனை தடவை வந்தது என்று இப்போதுதான் உறைத்தது. புள்ளியைப் பார்த்தவள் பெயரை அவர் அங்கே சொல்லவே இல்லை. பெனிஷா தப்புப் பண்ணவில்லை என்றார், அவ்வளவுதான். தியாகம் செய்கிற நினைப்பில் அதையும் தனதாக்கிக்கொண்டுவிட்டார்.

"இப்பக் கேக்குறேன்" என்றார். "கையெழுத்துப் போடவா, வேணாமா? நீ சொல்றபடி செய்றேன்."

பெனிஷா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தாள். மை கன்னத்தில் இழுத்துக்கொண்டது. உள்ளே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போட்டோவுக்கு.

"போடுங்க மேம். எனக்கு ஜூன்ல வேலை வேணும். பிள்ளைங்க இருக்கு." சுவரிலிருந்து நிமிர்ந்தாள். "பட்டம் கையில வந்ததும் நான் எழுதுற முதல் கட்டுரை இதுதான். இரட்டைத் தேய்மானம்னு ஒண்ணு கிடையாதுன்னு. என் ஆய்வேடும் தப்பு, உங்களோடதும் தப்புன்னு பேர் போட்டே எழுதுவேன்."

"எழுது" என்றார் ரோஸ்மேரி. பல நாள் கழித்து நெஞ்சில் ஏதோ இளகியது. ஒரு நொடி அவருக்கு ஆசைகூட வந்துவிட்டது. "என்கிட்ட இருக்குற அளவெல்லாம் தர்றேன். நீலமேகத்துக்கிட்ட நான் கூட வர்றேன். கட்டுரையில என் பேரையும் சேத்துக்…"

"வேணாம் மேம்."

கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு மாணவனின் விடையைத் திருத்துகிற குரலில் சொன்னாள்.

"அது என்னோடது. நானே போய், நானே போட்டுல ஏறிப் பாத்துக்கிறேன்."

ரோஸ்மேரி தலையை ஆட்டினார். பெனிஷா தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் உள்ளே போய், காலியாக இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பெனிஷா அதை மூடி வைத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, மனோகரனுக்கும் முதல்வருக்கும் நடுவில் போய் நின்றாள்.